வைவாக்ஸுக்கு நம் ஊர்க் குப்பி வேண்டும்

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ குளிர்காய்ச்சலோடு மாநகராட்சி சுகாதார நிலையத்துக்குப் போகிறவரின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரே கண்ணாடித் தகட்டில் இரண்டு இடங்களில் ரத்தம் எடுப்பார்கள். ஒன்றைச் சிறு வட்டமாகக் கெட்டியாகத் தடவுவார்கள். மற்றொன்றை இன்னொரு தகட்டின் விளிம்பால் இழுத்து மெல்லிய படலமாக்குவார்கள். சாயம் ஏற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒட்டுண்ணி தென்படும். வைவாக்ஸ் என்ற வகை புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட உப்பிப் பெருத்திருக்கும். உள்ளே ஒழுங்கற்ற நீல உருவம், அதில் சிவப்பாக ஒரு புள்ளி. வெளிநாடுகளில் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் ஜீம்சா சாயம். இந்திய மலேரியா கூடங்களில் பரவலாகப் புழங்குவது ஜேஎஸ்பி சாயம். ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் 1940களில் உருவாக்கியது. மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். நம் நாட்டுச் சூழலுக்கென்று நாமே செய்துகொண்ட கருவி எத்தனை தலைமுறைக்கு உழைக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆனால் மலேரியா உண்டா, எந்த வகை என்பதற்கு மேல் தகடு எதையும் சொல்லாது. 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் உடம்புக்குள் அந்த ஒட்டுண்ணி எப்படிச் சாகாமல் இருக்கிறது?

இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் அடங்கும் கேள்வி அல்ல. மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கையே வெப்பநிலை மாற்றங்களின் வழியாக நடக்கிறது. கொசுவின் உடம்புக்கு வெளியே என்ன வெப்பமோ அதுதான் உள்ளேயும். அங்கிருந்து ஒரே கடியில் 37 டிகிரி மனித ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் காய்ச்சல் தொடங்குகிறது. வைவாக்ஸ் என்றால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒருநாள் விட்டு ஒருநாள், நடுக்கமும் கொதிப்பும் வியர்வையும். இந்த ஏற்ற இறக்கத்தில் உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்பு கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்படி ஆகாமல் பிடித்து நிறுத்தி, மீண்டும் சரியாக மடித்து விடுகிற காவல் புரதங்களுக்குத்தான் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளையும் எடையையும் சேர்த்து எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 என்று அழைப்பார்கள்.

இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சியோ ரித்தோசா 1962இல் பழ ஈக்களில் இதன் முதல் தடயத்தைக் கண்டார். ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பம் தற்செயலாகக் கூடிவிட, அவற்றின் குரோமோசோம்களில் புதிய வீக்கங்கள் தோன்றின. புரதங்கள் பிடிபட்டது 1974இல். மலேரியா ஒட்டுண்ணியில் எச்எஸ்பி-70 அகப்பட்ட விதம் இன்னும் சுவையானது. 1980களில் மெல்போர்னின் வால்டர் அண்டு எலைசா ஹால் நிறுவனத்தார், மலேரியா வந்து போனவர்களின் ரத்தத்தில் ஊறியிருந்த நோய் எதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளையே தூண்டிலாக வீசி ஒட்டுண்ணியின் புரதங்களைப் பிடித்தார்கள். அப்படிச் சிக்கியவற்றில் ஒன்று, பழ ஈயின் எச்எஸ்பி-70க்கு நெருங்கிய உறவு என்று 1986இல் வெளியிட்டார்கள். ஆக, இந்தப் புரதத்தை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே நோயாளிகளின் ஆன்டிபாடிதான்.

அதன் பிறகு இத்துறையில் முக்கியமான சில வேலைகள் நம் பக்கத்திலேயே நடந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உத்பல் தத்து குழுவினர், பானுமதியை முதல் ஆசிரியராகக் கொண்ட 2003ஆம் ஆண்டுக் கட்டுரையில், எச்எஸ்பி-90ஐ முடக்கினால் ஃபால்சிபாரம் என்ற மற்றொரு வகை மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் வளர முடியாமல் இளம் பருவத்திலேயே நின்றுவிடுகிறது என்று காட்டினார்கள். மறு ஆண்டு பவித்ராவை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை இன்னும் வியப்பானது. மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல் ஒட்டுண்ணியைப் பலவீனப்படுத்துவதற்குப் பதிலாக அதன் வளர்ச்சிக்கு உதவுகிறது என்றது அது. நம்மைக் காக்க உடம்பு மூட்டும் தீயில் அந்த உயிர் குளிர்காய்கிறது. 2010இல் அதே குழு, எச்எஸ்பி-90ஐத் தடுக்கும் ஒரு மருந்துப் பொருளை மலேரியா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டது. 2012இல் வசந்த் முரளிதரனும் அமெரிக்கச் சகாக்களும் எச்எஸ்பி-110 இல்லாவிட்டால் ஃபால்சிபாரம் காய்ச்சல் வெப்பத்தைத் தாங்காது என்று நிறுவினார்கள்.

இத்தனை வேலைக்கும் அடியில் இருப்பது ஒரு சின்னக் குப்பி. அதில் 100 மைக்ரோலிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு சொட்டு ஆன்டிபாடி. ஒரு புரதம் ஒட்டுண்ணிக்குள் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, எந்த மூலையில் இருக்கிறது, காய்ச்சலின்போது கூடுகிறதா, மருந்து கொடுத்தால் குறைகிறதா என்று கேட்பவர்கள் எல்லாருக்கும் அந்த இரண்டு சொட்டுதான் கண். அந்தக் கண்ணை வடசென்னையின் ரத்தத்துக்குப் பழக்கவில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த குறை.

வடசென்னையில் மலேரியா என்றால் வைவாக்ஸ் மலேரியா. தமிழகத்து மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கு பல்லாண்டுகளாகச் சென்னையிலிருந்தே வந்தது. அதில் மிகப் பெரும்பாலானது வைவாக்ஸ். இங்கே நோயைப் பரப்புவது ஆனாபிலிஸ் ஸ்டெஃபென்சி கொசு. சாக்கடையில் முட்டையிடுகிற கொசு அல்ல அது. நல்ல தண்ணீர் வேண்டும் அதற்கு. மொட்டை மாடித் தொட்டி, சம்ப், கிணறு, லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம் என்று எல்லாம் தோதுப்படும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் சேமித்து வைக்காமல் வாழ முடியாது. ராயபுரத்துச் சந்துகளிலிருந்து எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துக் குடியிருப்புகள்வரை இதே கதைதான். கிணறுகளில் கொசுப் புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் விடுவதும், தொட்டிக்கு மூடி போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவதும் கொசு ஒழிப்புப் பணியாளர்களின் அன்றாடம். மலேரியா குறைந்ததில் அவர்கள் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதை ஊர் போதுமான அளவு கொண்டாடவில்லை.

இந்தக் கொசு துறைமுக நகரங்களை விரும்புகிறது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. எத்தியோப்பியாவுக்குப் பரவியது. மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டம்பரில் சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் தென்பட்டது. சென்னையைப் புரிந்துகொள்வது சென்னைக்காக மட்டும் அல்ல என்று சொல்ல இது போதும்.

வைவாக்ஸை ஆராய்வதில் உலகம் முழுக்க ஒரே முட்டுக்கட்டை. ஃபால்சிபாரத்தை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையை டிரேகரும் ஜென்சனும் 1976இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மலேரியா ஆய்வின் பெரும்பகுதி அதன்மேல்தான். வைவாக்ஸை இன்றுவரை அப்படித் தொடர்ந்து வளர்க்க முடியவில்லை. அது முதிர்ந்த சிவப்பணுவை ஒதுக்கிவிட்டு, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணுவையே தேடிப் புகும். ரத்தத்தில் அந்த இளம் அணுக்கள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஆகவே வைவாக்ஸ் வேண்டும் என்றால் நோயாளியின் ரத்தம் வேண்டும், அதுவும் முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன். வளர்க்க முடிந்ததற்கு ஆன்டிபாடி ஏராளம், வளர்க்க முடியாததற்கு அரிது. எச்எஸ்பி ஆன்டிபாடிகளிலும் இதுதான் நிலை. பெரும்பாலானவை ஃபால்சிபாரத்தின் புரதத் துண்டை வைத்து முயலிலோ எலியிலோ எடுக்கப்பட்டவை. அவற்றை வாங்கி வைவாக்ஸ்மேல் போட்டுப் பார்க்கிறோம்.

போட்டால் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும். சிக்கலே அங்கேதான். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உயிரினங்கள் தோறும் அதிகம் மாறாதவை. ஒட்டுண்ணியின் எச்எஸ்பி-70இல் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு மனிதருடையதோடு ஒத்துப்போகும். அண்ணன் தம்பி முக ஜாடை மாதிரி. பாதி இருட்டில் யார் என்று சட்டெனச் சொல்ல முடியாது. புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியை ஊற்றிப் பார்க்கிற வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் 70 கிலோடால்டன் உயரத்தில் கருப்பாக ஒரு பட்டை வந்துவிட்டால் மாணவர் மகிழ்ந்துவிடுவார். அந்தப் பட்டை ஒட்டுண்ணியுடையதா, நோயாளியுடையதா?

காய்ச்சல்காரரின் ரத்தத்தில் இந்தச் சந்தேகம் பல மடங்காகிறது. வெள்ளை அணுக்களில் மனித எச்எஸ்பி நிறைய உண்டு. காய்ச்சலில் அது இன்னும் கூடும். செல்லுலோஸ் நிரப்பிய குழாய் வழியாக ரத்தத்தை மெல்ல இறக்கி வெள்ளை அணுக்களை நீக்கியாக வேண்டும். அவசரத்தில் அந்தப் படியைச் சுருக்கினால் தவறான விடைதான் மிஞ்சும். வைவாக்ஸ் புகும் இளம் சிவப்பணுவிலும் மனிதப் புரத மிச்சங்கள் முதிர்ந்த அணுவைவிட அதிகம். அதனால் தொற்றில்லாத சாதாரண ரத்தத்தை ஒப்பிட எடுத்துவைப்பதும் போதாது. தொற்றில்லாத இளம் சிவப்பணுக்களைத் தனியே பிரித்து ஒப்பிட வேண்டும். ஆன்டிபாடி செய்யும் இடத்திலேயே இன்னொரு வழுக்கல் காத்திருக்கிறது. புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து முயலுக்கு ஊசி போடுவார்கள். ஈ.கோலைக்கும் சொந்தமாக ஒரு எச்எஸ்பி-70 உண்டு. சுத்திகரிப்பில் அது பல நேரம் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முயல் எதற்கு எதிராக ஆன்டிபாடி செய்தது என்பதே பிறகு கேள்விக்குறி.

ஆன்டிபாடிகளின் நம்பகம் மலேரியாவுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. 2015இல் பிராட்பரி, ப்ளூக்துன் இருவரும், கூடக் கையெழுத்திட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும், ஆய்வு ஆன்டிபாடிகளுக்கு ஒழுங்கான தரம் வேண்டும் என்று நேச்சர் இதழில் முறையிட்டார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 65 மனிதப் புரதங்களுக்கென விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை ஒரே முறையில் சோதித்தது. இலக்குப் புரதத்தைக் கண்டுகொள்ளவே முடியாத ஆன்டிபாடிகளை நம்பி, சராசரியாகப் புரதத்துக்கு 12 ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகியிருந்தன. எல்லாரும் போட்டி போட்டு ஆராயும் மனிதப் புரதங்களின் கதி இது. வைவாக்ஸ் எச்எஸ்பியை யார் இப்படிச் சோதிக்கப் போகிறார்கள்?

மலேரியா விரைவுச் சோதனை அட்டைகளிலும் இருப்பது ஆன்டிபாடிதான். ஃபால்சிபாரத்துக்கு எச்ஆர்பி-2 என்ற புரதத்தையும் வைவாக்ஸுக்கு அதன் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியையும் அவை பிடிக்கின்றன. எச்எஸ்பி ஆன்டிபாடி நோயாளிக்கான சோதனை அல்ல, ஆய்வாளரின் கருவி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரு பாடம் உண்டு. சந்தையில் தரமற்ற அட்டைகள் கலந்தபோது, உலக சுகாதார நிறுவனம் 2008 முதல் சுற்றுச் சுற்றாகப் பொதுச் சோதனை வைத்தது. எல்லா நிறுவன அட்டைகளுக்கும் ஒரே ரத்த மாதிரிகள், வெளிப்படையான மதிப்பெண். தேறாதவை எவை என்று வாங்குகிற அரசுகளுக்குத் தெரிந்தது. அட்டைக்குக் கிடைத்த அந்தக் கண்டிப்பு குப்பிக்கு வேண்டாமா?

இறக்குமதிச் சுமை வேறு. ஒரு குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய், பல வாரக் காத்திருப்பு, உலர்பனியில் வரும் பெட்டி வழியில் தாமதமானால் உள்ளே இருப்பது வீண். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான சுங்கவரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏறியது. விஞ்ஞானிகள் குரல் கொடுத்ததும் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தச் சில நாட்களில் ஆய்வுக்கூடங்கள் பட்ட பதற்றமே நம் நிலையைச் சொல்லும்.

ஊருக்கு ஏற்ற ஆன்டிபாடி என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய பாடம் அல்ல. பாம்புக்கடி மருந்தும் ஆன்டிபாடிதான். அதற்கான நஞ்சை 1978 முதல் திரட்டித் தருவது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். நாடு முழுவதற்கும் அந்த மருந்து போனது. ஆனால் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழு, வேறு மாநிலங்களின் பாம்பு நஞ்சை அது பல நேரம் சரியாக முறிப்பதில்லை என்று காட்டியது. ஓர் ஊர்ப் பாம்பின் நஞ்சில் எடுத்த மருந்து இன்னோர் ஊரில் தடுமாறுகிறது. ஃபால்சிபாரத்துக்கு எடுத்த ஆன்டிபாடி வைவாக்ஸில் தடுமாறுமா என்று சோதித்துப் பார்க்காமலேயே நம்புவது எந்த வகையில் நியாயம்?

இதைச் செய்ய வேண்டியவர்களும் அதற்கான இடங்களும் வடசென்னையிலும் அதன் விளிம்பிலும் உண்டு. ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. அயப்பாக்கத்தில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் கள அலுவலகம். இந்திய மலேரியா குறித்து 2010இல் அமெரிக்க நிதியோடு தொடங்கிய பன்னாட்டு ஆய்வின் மூன்று களங்களில் சென்னையும் ஒன்று. மற்றவை நடியாத், ரூர்கேலா. கொசு உண்மையில் இளைப்பாறும் வீட்டு மூலைகளின் வெப்பம் வானிலை நிலையக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை என்று 2013இல் காட்டிய ஆய்வும் சென்னையில் நடந்ததே. மாதவரம் பால்பண்ணை வளாகத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து அமைத்த உயிரியல் மருந்து ஆய்வுத் தளம் உண்டு. விலங்குகளில் ஆன்டிபாடி எடுப்பது கால்நடை அறிவியலுக்குப் பழகிய வேலை. நோயாளி, கள அலுவலகம், ஆன்டிபாடிக் கூடம் மூன்றும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் நகரங்கள் உலகில் அதிகம் இராது.

முதலில் வைவாக்ஸின் எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 இரண்டிலும் மனிதருடையதோடு ஒத்துப்போகாத துண்டுகளைத் தேர்ந்து ஆன்டிபாடி எடுக்கலாம். மனித ரத்தத்தில் வளர்க்க முடிந்த, வைவாக்ஸுக்கு நெருங்கிய நோலெசி ஒட்டுண்ணியில் வைவாக்ஸ் மரபணுவைப் புகுத்திச் சோதிக்கலாம். ஆன்டிபாடி பிடித்து இழுத்து வந்தது எந்தப் புரதம் என்று நிறை நிறமாலைமானியில் உறுதி செய்யலாம். கடைசியில் வடசென்னை நோயாளிகளின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். தேறியதோ தவறியதோ, எல்லாப் பட்டைகளின் படங்களையும் பொதுவில் வைக்க வேண்டும். ஆன்டிபாடி சுரக்கும் செல்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைத்து, அடக்க விலையில் யாருக்கும் தர வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆன்டிபாடி வங்கி 1986 முதல் இப்படித்தான் நடக்கிறது. டெல்லியில் மலேரியா ஒட்டுண்ணி வங்கியை 1992 முதல் நடத்தும் நாட்டுக்கு, புனேயில் தேசிய உயிரணு களஞ்சியம் வைத்திருக்கும் நாட்டுக்கு இது எட்டாத வேலை அல்ல.

நிறை நிறமாலைமானியே போதுமே, ஆன்டிபாடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தத்து குழுவே 2011இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைவாக்ஸ் புரதங்களை அப்படிப் பட்டியலிட்டது. ஆனால் பட்டியல், புரதம் இருக்கிறது என்று சொல்லும். எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லாது. ஃபால்சிபாரம் தன் எச்எஸ்பி-70களில் ஒன்றைத் தன் உடம்புக்கு வெளியே, நம் சிவப்பணுவுக்குள்ளேயே அனுப்பி வேலை வாங்குகிறது என்று தெரியவந்ததில் ஆன்டிபாடிகளுக்குப் பங்கு உண்டு. வைவாக்ஸ் என்ன செய்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும்.

மலேரியாதான் குறைந்து வருகிறதே என்பது இன்னொரு வாதம். குறைந்து வருவது உண்மை. 2015இல் இந்தியாவில் பதிவானவர்கள் 11.69 லட்சம் பேர், 2023இல் 2.27 லட்சம். ஆனால் வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கி, மாதங்கள் கழித்து எழுந்து வரும். அதை ஒழிக்கும் பிரைமாகுவின் 14 நாள் மருந்து. காய்ச்சல் விட்டதும் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவரும் துறைமுகத்தில் தினக்கூலிக்குப் போகிறவரும் பாதியில் நிறுத்திவிடுவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்தே ஆபத்து. புதிய மருந்து வேண்டும், அது எச்எஸ்பி-90 வழியாக வரலாம். வருமா என்று வைவாக்ஸில் சோதிக்கக் கருவி இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் 2027க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்கவும், 2030க்குள் நோயை ஒழிக்கவும் குறிக்கோள் வைத்திருக்கிறது. அது நிறைவேற வேண்டும். நிறைவேறினால் ஆன்டிபாடியைச் சோதிக்கத் தேவையான வைவாக்ஸ் ரத்தம் வடசென்னையில் கிடைக்காது. ஆகவே நெறிமுறைக் குழுக்களின் அனுமதியும், தமிழிலும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தொழிலாளர்களுக்காக ஒடியாவிலும் இந்தியிலும் ஒப்புதல் படிவமும் இந்த ஆண்டே தயாராக வேண்டும். மருந்து கொடுப்பதைத் தாமதிக்காமல், முதல் வேளைக்கு முன் சில மில்லிலிட்டர் ரத்தம் மட்டும். அது எதற்குப் பயன்பட்டது என்று கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்கும் கடமையும் அந்தப் படிவத்திலேயே இடம்பெற வேண்டும்.